அரை இஞ்சு பெருத்த சட்டை

இன்ஃப்ளேட்டரை வெஸ்ட்டில், அதாவது தண்ணீருக்குள் இறங்குபவர் போடும் மிதவைச் சட்டையில், எப்படிப் பொருத்துவது என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அது பெட்டிக்குள் வரும் தாளில் படத்தோடு இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அந்தப் படங்கள் போதுமானவையாக இருந்தன. நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள், ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. என்னிடம் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னேன். அந்தப் பதிலைப் போட்டுக்கொண்டு இன்னொருவர் கிணற்றுக்குள் இறங்கினார்.

நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூலனூரில் பிறந்தவன். முருங்கைக்காய் மூட்டை ஏற்றிய லாரியில் பதினாறு வயதில் ஊரை விட்டுக் கிளம்பினேன். சோமனூரில் தறி ஓட்டினேன். ஒரு காது மந்தமானதும் அங்கிருந்து புறப்பட்டேன். தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் படகில், தண்ணீருக்குள் இருப்பவருக்குக் காற்று அனுப்பும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டேன். அந்தமானில் சுற்றுலாக்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும் ஒரு கடையில் சிலிண்டர் சுமந்தேன், கருவிகளைக் கழுவினேன், பிறகு பழுதும் பார்த்தேன். சில மாதங்கள் படகிலேயே படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டேன். அது எல்லாருக்கும் நடப்பதுதான். எங்கும் நான் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை. அடுத்த ஊரில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றும், போய்விடுவேன்.

இன்ஃப்ளேட்டரை முதன்முதலில் பிரித்துப் பார்த்தது அந்தமானில்தான். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் துண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் முதுகில் இருக்கும் சிலிண்டரின் காற்று ஹோஸ் வழியாகச் சட்டைக்குள் போகும். இன்னொன்றை அழுத்தினால் சட்டையிலிருந்து காற்று வெளியேறும். அவ்வளவுதான் அதன் வேலை. அதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் தண்ணீருக்கு நடுவில் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அப்படியே நிற்பதைப் பார்த்தபோது எனக்குத் தூத்துக்குடி மீன் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. மீனை அறுத்தால் உள்ளே வெள்ளையாக ஒரு காற்றுப் பை இருக்கும். மீன் அதை எப்படி ஊதுகிறது, எப்படி அடக்குகிறது என்று மீன் வெட்டும் அம்மாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "மீன் வாங்குறதுன்னா வாங்கும், இல்லன்னா வெலகி நில்லும்" என்றார். இன்றுவரை எனக்கு முழு விடை தெரியாது.

திருப்பூருக்கு நான் வந்தபோது, பைகளும் மழைக்கோட்டும் தைத்துக்கொண்டிருந்த ஒரு கம்பெனிக்கு இந்த மிதவைச் சட்டைகள் தைக்கும் ஆர்டர் வந்திருந்தது. தைப்பதற்கு ஆள் இருந்தது, வெல்டிங் வைத்துக் காற்றுப் பையை ஒட்டுவதற்கும் ஆள் இருந்தது. இன்ஃப்ளேட்டரை மாட்டிச் சரிபார்க்கத்தான் ஆள் இல்லை. அந்த மேஜை எனக்குக் கிடைத்தது. நீங்கள் இப்போது உட்காருகிற மேஜைதான். அப்போது அதற்கு மேலே தகரக் கூரை, பக்கத்தில் பனியன் பகுதி.

செக்கிங்குக்கு முத்துலட்சுமி என்று ஒருவர் இருந்தார். சாத்தான்குளம் பக்கத்துக்காரர். புருஷனோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் பனியன் வேலைக்கு வந்தவர். பதினைந்து வருடம் டி-ஷர்ட் அளந்த கை. கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப் தொங்கும். வெஸ்ட் பகுதிக்கு மாற்றிய பிறகும் அதை அவர் கழற்றவில்லை. "டேப் எதுக்கும்மா இங்க? இதுல காத்துதான் பார்க்கணும்" என்று நான் சொன்னதற்கு, "கழுத்து சும்மா இருந்தா பேன் ஓடுத மாதிரி இருக்கும், அண்ணாச்சி" என்றார்.

சோதனை முறை இது: பன்னிரண்டு வெஸ்ட்டுகளைக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டு, கம்ப்ரஸர் லைனிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஹோஸ் மாட்டி, பொத்தானை அழுத்திப் பாதிக்கு மேல் நிரப்புவேன். ஹோஸைக் கழற்றாமல் அப்படியே இரண்டு மணி நேரம் விடுவேன். பிறகு கையால் அமுக்கிப் பார்ப்பேன். தொய்ந்திருந்தால் ஓட்டை. தொய்யாவிட்டால் பாஸ். நான் தேடியது ஓட்டையை மட்டும்தான்.

அன்று பகல் பன்னிரண்டு மணி இருக்கும். பன்னிரண்டையும் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, ஏழாம் நம்பர் பெருத்திருக்கு" என்றார் முத்துலட்சுமி.

"பெருத்திருக்கா?"

"காலைல அளந்தேன், இப்பவும் அளந்தேன். அரை இஞ்சு கூட இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. காற்றுச் சட்டைக்கு மார்புச் சுற்றளவு எடுத்திருக்கிறார்.

"தகரக் கூரைம்மா. வெயில் ஏற ஏற உள்ள இருக்கிற காத்து விரியும். சைக்கிள் டியூப் வெயில்ல வெடிக்குதில்லையா?"

அவர் வரிசையை ஒருமுறை பார்த்தார். "பன்னெண்டுக்கும் ஒரே கூரைதானே? இது மட்டும் தனியா வெயில் காயுதா?"

"ஓரத்துல தொங்குதில்ல, அதுதான்."

பன்னிரண்டில் ஏழு எப்படி ஓரமாகும்? அது நடுவில் தொங்கியது. தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். நான் தாளில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். கடல் பார்த்தவன், கருவி பிரித்தவன், கம்பெனியிலேயே இதைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் என்று ஒரு நினைப்பு.

அதே ஏழாம் நம்பரில் வேறொரு குறையும் இருந்தது. முதுகில் லேபிளைத் தலைகீழாகத் தைத்துவிட்டார்கள். அதற்காக மட்டும் அது எக்ஸ்போர்ட்டிலிருந்து கழிந்தது. திருப்பூரில் கழிந்த துணி குப்பைக்குப் போகாது என்பது உங்களுக்குத் தெரியும். செகண்ட்ஸ் என்று பெயர் மாற்றி வேறு உடம்புக்குப் போகும். முதலாளி அதைத் தூக்கிப் பார்த்தார்.

"லேபிளு தலகீழா இருந்தா என்னுங்க, தண்ணிக்குள்ள மீனா படிக்கப்போகுது? தேவராஜு ஒண்ணு கேட்டுட்டே இருந்தாப்புல. அவனுக்குக் குடுத்துருங்க."

தேவராஜ் கிணற்று வேலைக்காரர். நாற்பத்தைந்து வயது, குட்டையான உருவம், கயிறு பிடித்துப் பிடித்துக் காய்த்த கை. ஆழக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டார் சிக்கிக்கொண்டால் இறங்கி விடுவிப்பார். பழைய சிலிண்டரும், வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரும் எங்கோ வாங்கி வைத்திருந்தார். வெஸ்ட் மட்டும் கிடையாது. இடுப்பில் ஈயக்கட்டி கட்டி இறங்கி, கயிற்றைப் பிடித்து ஏறுவார். முழங்கால் தேய்ந்துவிட்டதால் ஏறுவதுதான் இப்போது சிரமம்.

மாலை நாலு மணிக்கு வந்தார். மறுநாள் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலை இருப்பதாகச் சொன்னார்.

வெஸ்ட்டை மாட்டிப் பார்த்தோம். வெளிநாட்டு உடம்புக்கு வெட்டியது. தேவராஜுக்கு இன்ஃப்ளேட்டர் தொடைவரை தொங்கியது. கடலில் அது பரவாயில்லை. கிணற்றில் மோட்டார் குழாய் இருக்கிறது, அதைப் பிடித்து நிறுத்தும் இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. தொங்குவது எதுவும் அதில் மாட்டும். இடது தோள்வாரில் மார்பு உயரத்துக்குத் துணி வளையமாக ஒரு காது தைத்து, இன்ஃப்ளேட்டர் தொங்கும் குழாயை அதற்குள் நுழைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். தைப்பதற்கு முத்துலட்சுமியைக் கூப்பிட்டேன். ஊசி காற்றுப் பையில் பட்டுவிடக் கூடாதே, அதற்கு நிதானமான கை வேண்டும்.

அவர் தைத்துக் கொடுத்ததும் தேவராஜைக் கண்ணை மூடச் சொன்னேன்.

"இப்ப இன்ஃப்ளேட்டரைப் பிடிங்க."

கை அலைந்தது. காதை ஓர் அங்குலம் மேலே மாற்றினோம். மறுபடி அலைந்தது. இன்னும் கொஞ்சம் உள்பக்கம். இப்போது கை நேராகப் போய் உட்கார்ந்தது. பத்துத் தடவை எண்ணினோம். பத்திலும் தவறவில்லை.

"என்ற ஊட்டுக்காரி கூட இத்தன தடவ என்னைக் கண்ண மூடச் சொன்னதில்லீங்க" என்றார் தேவராஜ். முத்துலட்சுமி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தார்.

பிறகு எங்கள் சிமெண்ட் தொட்டியில் அவரை இறக்கி, ஏற்றும் பொத்தான், இறக்கும் பொத்தான் இரண்டையும் பழக்கினேன். மூச்சுக்குத் தனி ஹோஸ் உண்டு; சட்டைக்குப் போகும் ஹோஸைக் கழற்றுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஒரே நாளில் நிறையச் சொன்னால் குழம்பிவிடுவார் என்று நினைத்தேன். தொட்டியில் எல்லாம் சரியாகவே இருந்தது. கால் மணி நேரத்தில் அரை இஞ்சில் எட்டில் ஒரு பங்கு யார் கண்ணுக்குத் தெரியும்? நடுவில் முதலாளி கூப்பிட்டார் என்று நான் உள்ளே போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது தேவராஜ் தலை துவட்டிக்கொண்டு முத்துலட்சுமியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அடுத்த பன்னிரண்டைத் தொங்கவிட்டு நிரப்பினேன். பத்தரை மணிக்குத் தேநீர் குடிக்கும்போது என் மேஜையில் ஒரு சைஸ் சார்ட் கிடந்ததைப் பார்த்தேன். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டிருந்தது. முத்துலட்சுமியின் எழுத்து. நேற்றைய பன்னிரண்டு வெஸ்ட்டுகள், பத்து மணிக்கு என்ன அளவு, பன்னிரண்டு மணிக்கு என்ன அளவு. மற்றப் பதினொன்றும் ஒரு நூலளவு கூடியிருந்தன. நான் சொன்ன வெயில் அதுதான். ஏழாம் நம்பர் மட்டும் அரை இஞ்சு. அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரி: "ஒரு மணிக்கு அளந்துட்டு டியூப் கழட்டி விட்டது. மூணு மணிக்கும் அதே அளவு. பெருக்கலை."

டம்ளரைக் கீழே வைத்தேன். ஹோஸ் மாட்டியிருந்தால் பெருக்கிறது, கழற்றினால் நிற்கிறது. அப்படியானால் காற்று எங்கிருந்து வருகிறது என்பதில் சந்தேகமே இல்லை. பொத்தானை யாரும் அழுத்தாதபோதும் இன்ஃப்ளேட்டர் கசிகிறது. வெளியே அல்ல, உள்ளே. நான் கையால் அமுக்கிய போதெல்லாம் அது "நான் தொய்யவில்லை" என்று எனக்குப் பாஸாகிக் காட்டியிருக்கிறது.

எழுந்து போய் அன்று தொங்கிய பன்னிரண்டையும் பார்த்தேன். நாலாம் நம்பர் கொஞ்சம் திமிறிக்கொண்டு நின்றது. அதன் இன்ஃப்ளேட்டரைக் கழற்றிப் பிரித்தேன். வால்வு உட்காருகிற இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரு வெள்ளை இழை. தலைமுடியைவிட மெல்லியது. கிரீஸில் ஒட்டிக்கொண்டு, ரப்பருக்கும் அது உட்காருகிற விளிம்புக்கும் நடுவில் படுத்திருந்தது.

பஞ்சு. எப்படி வந்தது என்று மேஜையைச் சுற்றிப் பார்த்தேன். பார்க்கவே வேண்டியிருக்கவில்லை, அது என் கையிலேயே இருந்தது. பனியன் வேஸ்ட். நாட்டில் உள்ள மெக்கானிக் எல்லாரும் கை துடைக்கிற துணி, இந்த ஊரில் காலில் மிதிபடும் துணி. அதை வைத்துத்தான் ஒவ்வொரு வால்வையும் பளபளவென்று துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அந்தமானில் எனக்குப் பனியன் வேஸ்ட் கிடைத்ததே இல்லை. அங்கே ஊதித்தான் சுத்தம் செய்வோம். திருப்பூரில் வசதி கூடிவிட்டது.

அப்போதுதான் தேவராஜ் நினைவுக்கு வந்தார்.

நாற்பதடித் தண்ணீருக்குள் ஒருவர் இரண்டு கையாலும் மோட்டாரைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறார். முதுகில் சட்டை தானாகப் பெருக்கிறது. கவனிக்காவிட்டால் உடம்பு மேலே கிளம்பும். மேலே வர வர அழுத்தம் குறைந்து, உள்ளே இருக்கும் காற்று இன்னும் விரியும், இன்னும் வேகமாகத் தூக்கும். பயத்தில் மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். நடுவில் அந்த இரும்புப் பட்டைகள் இருக்கின்றன. இடுப்பில் கயிறு இருக்கிறது.

அவர் எண்ணுக்கு அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. முதலாளி தன் பங்காளி ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் தோப்புக்காரர் எண்ணை வாங்கிக் கொடுத்தார். நான் எண்ணை அழுத்திக்கொண்டிருக்கும்போது முத்துலட்சுமி பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, அவருகிட்ட நான்..."

"இரும்மா, போன் போட்டுட்டு இருக்கேன்."

தோப்புக்காரர் எடுத்தார்.

"தேவராஜ் எறங்கீட்டாருங்களா?" என்றேன்.

"எறங்கி ஒரு கால் மணி நேரம் ஆச்சுங்க. ஏனுங்க?"

"அவர் போட்டிருக்கிற சட்டையில ஒரு கோளாறு இருக்குதுங்க. தானா காத்து ஏறுது."

"ஐயோ சாமி! அப்ப இழுத்துரட்டுங்களா? இங்க நாலு பேரு இருக்கறமுங்க. கயித்தப் புடிச்சு ஒரே இழு..."

சரி என்று என் வாய் வரை வந்துவிட்டது. ஒருவர் ஆபத்தில் இருக்கிறார், கையில் கயிறு இருக்கிறது, இழு என்பதுதான் மனசு சொல்லும். நேற்று அந்த மாதிரி பார்க்காமல் சொன்ன பதில்தான் அவரை அங்கே இறக்கியிருக்கிறது. ஆனால் இப்போது எனக்குக் கண் இல்லை. அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி நிற்கிறேன். தோப்புக்காரர் கண்ணைத்தான் கடன் வாங்க வேண்டும்.

"இழுக்காதீங்க. முதல்ல கயிறு எப்படி இருக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க. விறைப்பா இருக்குதா, தொளதொளன்னு இருக்குதா?"

செருப்புச் சத்தம் கேட்டது. "சித்த முந்தி வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க. இப்பத் தொளதொளன்னு கெடக்குதுங்க."

கயிறு தளர்ந்தால் ஆள் மேலே வந்துகொண்டிருக்கிறார் என்று பொருள்.

"குமிழி வருதுங்களா?"

"வருதுங்க."

"விட்டு விட்டா, ஒரேயடியாவா?"

"விட்டு விட்டுத்தானுங்க. மூச்சு வுடறாப்புல."

மூச்சு விடுகிறார். அடக்கவில்லை. "அப்படீன்னா இழுக்கவே வேண்டாம். தளர்ற கயித்த மட்டும் மெதுவா வாங்குங்க. கீழ அவரச் சுத்தீரக் கூடாது. தறியில நூல் தளர்ந்தா கையில சுத்தி எடுப்பாங்களே, அந்த மாதிரி. அவர் எடையக் கையில வாங்காதீங்க."

"சரீங்க, சரீங்க."

முத்துலட்சுமி மறுபடி, "அண்ணாச்சி, நான் நேத்தே..." என்றார்.

"இரும்மா!"

அவர் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து ஐந்தாம் நம்பரை அளக்க ஆரம்பித்தார். ஒரு உயிர் போகுமோ என்று நான் நிற்கிறேன், இந்த அம்மா டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

போனில் தோட்டத்துக் காகங்களின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னென்னவோ யோசித்தேன். வினோதமாக, அந்த மீனின் காற்றுப் பையும் நினைவுக்கு வந்தது. மீனுக்குள் ஒரு இழை சிக்கினால் அது என்ன செய்யும்?

"தல தெரியுதுங்க!" என்றார் தோப்புக்காரர். "படியப் புடிச்சுட்டாருங்க. சிரிக்கறாருங்க."

ஐந்து நிமிடம் கழித்துத் தேவராஜ் பேசினார். மூச்சு கொஞ்சம் வாங்கியது.

"ஏனுங்கண்ணா, மோட்டாரக் கட்டியாச்சுங்க. இனி மேலிருந்து இழுத்தா வந்துரும்."

"சட்டை என்ன பண்ணுச்சு?"

"தூக்குச்சுங்க. கட்டீட்டு இருக்கறப்பவே குண்டி மேல போகுது. ரெண்டு தடவ காத்த எறக்குனேன். மறுக்காவும் தூக்குது. செரி, இது அதுதான்னு டியூப்பக் கழட்டி வுட்டுட்டேன். அதுக்கப்பறம் பொட்டிப் பாம்பாட்ட கெடந்துச்சு. முடிச்சு வந்ததும் கயித்துப் பக்கமா மெதுவா மூச்சு வுட்டுட்டே ஏறி வந்தனுங்க."

"டியூப்பைக் கழட்டணும்னு யார் சொன்னது? நான் சொல்லலையே."

"அந்தத் தையல் அம்மணிதான் சொன்னாங்க. இது சும்மா இருக்கறப்பவே பெருக்குது, நாங் கழட்டிப் பாத்தேன், நின்னு போச்சு, உள்ள போயிப் பெருத்தா நீங்களும் கழட்டிருங்கன்னாங்க. தொட்டியில நீங்க அந்தப் பக்கம் போனப்ப, கண்ண மூடிட்டுக் கழட்டப் பழக்கியும் வுட்டாங்களே. பத்துத் தடவ."

போனை வைத்துவிட்டு ஸ்டூல் பக்கம் போனேன். முத்துலட்சுமி ஆறாம் நம்பருக்கு வந்திருந்தார்.

"கழட்டுறது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க ஒரு நாளைக்கு நூறு தடவ கழட்டி மாட்டுதீய. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"என்கிட்ட ஏம்மா சொல்லலை?"

அவர் டேப்பை எடுக்காமலே நிமிர்ந்தார். "உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன். வெயிலுன்னுட்டீய. சரி, உங்களுக்கு வெயிலு. போட்டுக்கிட்டுப் போறவருகிட்ட சொல்லாம இருக்க முடியுமா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆறாம் நம்பரின் அளவைச் சொல்லுகிற அதே குரலில்தான் சொன்னார்.

அன்று மாலைக்குள், தேவராஜிடம் இருந்தது போக, இருபத்து மூன்று இன்ஃப்ளேட்டர்களையும் பிரித்தேன். மூன்றில் இழை இருந்தது. பனியன் வேஸ்ட் அந்த மேஜைக்கு வருவது அன்றோடு நின்றது. ஊதிச் சுத்தம் செய்வது, இழை விடாத துணி, மேஜையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. சோதனைத் தாளில் நீங்கள் பார்க்கிற அந்தக் "காலை அளவு, பகல் அளவு" கட்டங்களும் அப்படித்தான் வந்தன. வேறு எந்த ஊரிலும் மிதவைச் சட்டைக்கு மார்புச் சுற்றளவு எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுத்தால் யாரோ ஒருவர் திருப்பூரிலிருந்து அங்கே போயிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் தேவராஜ் வெஸ்ட்டைக் கொண்டுவந்தார். அவர் கண் முன்னாலேயே இழையை எடுத்துக் காட்டி, புது ஓ-ரிங் ரப்பர் வளையம் போட்டு, மாட்டிக் கொடுத்தேன். லேபிளை நேராகத் தைக்கட்டுமா என்று கேட்டதற்கு, அது அப்படியே இருக்கட்டும், அடையாளம் என்றார். எல்லாம் முடிந்தது என்று நான் கையைத் துடைத்தேன்.

அவர் வெஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு என் மேஜையைத் தாண்டி முத்துலட்சுமியின் ஸ்டூலுக்குப் போனார்.

"அம்மணி, நீங்க ஒருக்கா அளந்து சொல்லீருங்க."

"இப்ப ஒரு தடவ, ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு தடவ அளக்கணும். இருப்பீயளா?"

"இருக்கறனுங்க" என்று சொல்லி, தேவராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கும் வேறு வேலை ஓடவில்லை. வெஸ்ட்டை நிரப்பித் தொங்கவிட்டுவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.